அம்மாச்சி வீட்டில் விட்டால் சரியாகிவிடுமா?

கரூர் பக்கமிருந்து ஒரு தாய் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை எடுத்துவிட்டு அதன் சாரத்தைத் தருகிறேன்.

அவருடைய மகனுக்கு இரண்டு வயது எட்டு மாதம். நான்கு மாதத்துக்கு முன்பு ஒரு தங்கை பிறந்தாள். அதுவரை 'தங்கமான பிள்ளை' என்று பெயர் வாங்கியவன், இப்போது கேட்டது உடனே கிடைக்காவிட்டால் தரையில் விழுந்து புரள்கிறான். பக்கத்து வீட்டுப் பையனை இரண்டு முறை கடித்துவிட்டான். அவன் பொம்மையை யார் தொட்டாலும் 'என்னுது' என்று அலறல். டம்ளரில் குடிக்கப் பழகியவன் மறுபடி பாட்டில் கேட்கிறான், ஜட்டியிலேயே சிறுநீர் போகிறான். பிளே ஸ்கூலில் சேர்த்து ஆறு வாரம் ஆகியும் காலையில் அழுகை நிற்கவில்லை. 'யாரோடயும் சேர மாட்டேங்கிறான், பக்கத்துல உக்காந்து தனியா விளையாடுறான், மத்தபடி சாது' என்கிறார் மிஸ். ஆனால் வீட்டுக்குள் நுழைந்ததும் ஆர்ப்பாட்டம், அதுவும் அம்மாவிடம் மட்டும். யூடியூபில் சில வீடியோக்களைப் பார்த்துவிட்டு 'ஆட்டிசமாக இருக்குமோ' என்று இவர் பயப்படுகிறார். மூட்டு வலியோடு வீட்டைச் சமாளிக்கும் மாமியார், 'ஒரு ஆறு மாசம் அம்மாச்சி வீட்டுல விட்டுட்டு, எல்.கே.ஜி. சேர்க்கிறப்ப கூட்டிட்டு வந்துக்கலாம். பிடிவாதமும் போயிடும்' என்கிறார். அம்மாச்சி இருப்பது பட்டுக்கோட்டை அருகே. பையன் அவரை வருடத்துக்கு மூன்று நான்கு முறைதான் பார்த்திருக்கிறான். கணவர், அழுதால் செல்போனைக் கொடுத்துவிடுகிறார். இன்னும் இரண்டு மாதத்தில் இவர் ஏற்றுமதி நிறுவனத்துக் கணக்கு வேலைக்குத் திரும்ப வேண்டும். ஒருநாள் பொறுக்க முடியாமல் கரண்டியால் அவன் காலில் அடித்துவிட்டு, இரவெல்லாம் அழுதிருக்கிறார்.

கடிதத்தில் ஒரு வரி: 'பாப்பாவைத் தூக்கி வைத்திருந்தால், பாப்பா கீழ போடு, என்னைத் தூக்கு என்கிறான். இந்த வயதில் இவ்வளவு கெட்ட எண்ணம் எப்படி வந்தது டாக்டர்?'

அன்புச் சகோதரிக்கு,

உங்களைக் கலங்கடித்த அந்த வரிதான் எனக்கு நம்பிக்கை தருகிறது. உங்கள் மகன் தன் மனதில் இருக்கும் வேதனையை நான்கைந்து சொற்களில் உங்களிடம் கொண்டுவந்து வைத்திருக்கிறான். தங்கைக்குக் கெடுதல் செய்ய வேண்டும் என்று அவன் நினைக்கவில்லை. உங்கள் இடுப்பில் தனக்கு இருந்த இடம் போய்விட்டது, அது திரும்ப வேண்டும் என்கிறான். அதைக் கேட்கும் தைரியமும் சொல்லும் மொழியும் அவனிடம் இருக்கின்றன. இரண்டே முக்கால் வயதுக்கு இது பெரிய விஷயம்.

இந்த இடத்துக்கு அவன் எப்படி வந்தான் என்று கொஞ்சம் பின்னால் போய்ப் பாருங்கள். இரண்டாம் மாத வாக்கில் உங்கள் முகம் பார்த்துச் சிரித்திருப்பான். எட்டு, ஒன்பது மாதத்தில் தெரியாதவர் தூக்கினால் வீறிட்டிருப்பான்; அப்போதுதான் 'என் ஆள் யார், அந்நியர் யார்' என்று பிரித்தறியத் தொடங்கினான். ஒரு வயதை ஒட்டி, புதிதாக எதைப் பார்த்தாலும் முதலில் உங்கள் முகத்தைத் திரும்பிப் பார்த்திருப்பான். அம்மா முகத்தில் பயம் இல்லையென்றால் அதைத் தொடலாம் என்று அர்த்தம். பிறகு ஒன்றரை வயதிலிருந்து இரண்டு வயதுக்குள் ஒரு பெரிய மாற்றம் வரும். அந்த வயதுக்கு முன்பு, குழந்தைக்குத் தெரியாமல் மூக்கில் ஒரு பொட்டு வைத்துக் கண்ணாடி முன் நிறுத்தினால், கண்ணாடியில் தெரியும் பொட்டைத்தான் தொட முயலும். இந்த வயதில் தன் மூக்கையே தடவும். 'அது நான்' என்று தெரிந்துவிட்டது. 'நான்' என்பது தெரிந்த பிறகுதான் 'என்னுது' வரும், 'மாட்டேன்' வரும், கூச்சமும் பெருமையும் பொறாமையும் வரும்.

மனித வாழ்வை எட்டுக் கட்டங்களாகப் பிரித்துச் சொன்ன உளவியலாளர் எரிக் எரிக்சன், முதல் ஆண்டின் வேலை நம்பிக்கை வளர்வது என்றார். அதை அடுத்து மூன்று வயது வரையிலான காலத்தின் வேலை, தன்னிச்சை வளர்வது. நாம் பிடிவாதம் என்று சொல்வதில் பெரும்பகுதி அந்தத் தன்னிச்சைதான். ஆசையும் கோபமும் பெரியவர்களுக்கு இருக்கும் அளவுக்கு அவனுக்கும் இருக்கின்றன. அவற்றைப் பிடித்து நிறுத்தும் பிரேக்தான் இன்னும் சரியாக வரவில்லை. நெற்றிக்குப் பின்னால் இருக்கும் அந்த மூளைப் பகுதி முழுதாக முதிர்வது இருபதுகளின் நடுவில். ஆகவே 'வேண்டுமென்றே செய்கிறான்' என்ற எண்ணத்தை மட்டும் தயவுசெய்து விட்டுவிடுங்கள். அதை விட்டாலே உங்கள் கோபத்தில் பாதி இறங்கிவிடும்.

ஆட்டிசம் என்ற பயம்

கடிதத்தைப் படித்துவிட்டு 'இருக்கிறது' என்றோ 'இல்லை' என்றோ எந்த மருத்துவரும் சொல்லக் கூடாது, நானும் சொல்ல மாட்டேன். ஆனால் நீங்கள் போகிற போக்கில் எழுதியிருக்கும் ஒன்றை எடுத்துக் காட்டுகிறேன். 'மொட்டை மாடியில் நிலாவைக் கண்டால் என் கன்னத்தைப் பிடித்துத் திருப்பிக் காட்டுவான்.' தான் பார்த்ததை நீங்களும் பார்க்க வேண்டும், இருவரும் சேர்ந்து மகிழ வேண்டும் என்ற இந்தத் துடிப்பைத்தான் நாங்கள் பரிசோதனை அறையில் முதலில் தேடுவோம். நம் பிள்ளைத்தமிழில் ஒன்பதாம் மாதத்துக்குக் கைதட்டும் சப்பாணியும், அதற்குப் பிறகு நிலாவை விளையாடக் கூப்பிடும் அம்புலியும் வருகின்றன. குழந்தை எப்போது எதைச் செய்யும் என்று அந்தப் புலவர்கள் எவ்வளவு கூர்ந்து பார்த்திருக்கிறார்கள் என்று நான் பலமுறை வியந்ததுண்டு. அதோடு, அவன் உடைந்த ரிமோட்டைக் காதில் வைத்து அப்பாவிடம் பேசுவதுபோல நடிக்கிறான், பெயர் சொன்னால் திரும்புகிறான், சொற்களைச் சேர்த்துப் பேசுகிறான். இவையெல்லாம் நல்ல அறிகுறிகள்.

மிஸ் சொன்ன 'பக்கத்துல உக்காந்து தனியா விளையாடுறான்' என்பதைப் பற்றி. 1932-இல் மில்ட்ரெட் பார்ட்டன் என்ற ஆய்வாளர், மழலையர் பள்ளியில் குழந்தைகள் விளையாடுவதைப் பார்த்து வகைப்படுத்தினார். தனியாக விளையாடுவது, பிறர் விளையாடுவதை வேடிக்கை பார்ப்பது, ஒருவர் பக்கத்தில் ஒருவர் அதேபோன்ற பொருளை வைத்துக்கொண்டு அவரவர் பாட்டுக்கு விளையாடுவது, அப்புறம் மெல்லக் கலந்து விளையாடுவது, கடைசியில் ஆளுக்கொரு பங்கு எடுத்துச் சேர்ந்து விளையாடுவது. இரண்டரை வயதில் பக்கத்தில் உட்கார்ந்து விளையாடுவது சகஜம். 'நீ கடைக்காரன், நான் வாங்க வர்றேன்' என்ற விளையாட்டு நன்றாகச் சூடுபிடிப்பது பெரும்பாலும் மூன்றரை, நான்கு வயதில். உங்கள் மகன் இருக்க வேண்டிய படியில்தான் இருக்கிறான்.

பெயர் சொல்லிக் கூப்பிட்டால் பலமுறை திரும்பாதது, விரல் நீட்டிக் காட்டாதது, கண் பார்த்துப் பகிராதது, வந்த பேச்சு நின்றுபோவது, ஒரே அசைவையோ ஒரே பொருளையோ விடாமல் திரும்பத் திரும்பச் செய்வது. இவற்றில் எதையாவது நீங்களோ மிஸ்ஸோ கவனித்தால் தாமதிக்க வேண்டாம். எந்த வயதிலும், வந்த திறன் போவது உடனே காட்ட வேண்டிய விஷயம். தங்கை பிறந்த பிறகு பாட்டில் கேட்பதும் ஜட்டியை நனைப்பதும் இந்தக் கணக்கில் சேராது. அது 'நானும் பாப்பாதான்' என்று சொல்லும் வழி. ஆனாலும் சிறுநீர் போகும்போது வலி இருக்கிறதா, மலச்சிக்கல் இருக்கிறதா என்று ஒருமுறை குழந்தை மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.

மனம் அமைதியாகாவிட்டால் வளர்ச்சிப் பரிசோதனையும் செய்துகொள்ளலாம், தப்பே இல்லை. 2013-இல் தொடங்கிய தேசிய சிறார் நலத் திட்டத்தின் கீழ் மாவட்ட அளவில் அரசு மருத்துவமனைகளில் டி.இ.ஐ.சி. என்ற ஆரம்ப நிலை இடையீட்டு மையங்கள் செயல்படுகின்றன. உங்கள் மாவட்ட அரசு மருத்துவமனையில் கேட்டால் வழிகாட்டுவார்கள். கட்டணம் கிடையாது. யூடியூப் வீடியோவை வைத்து நீங்களே டிக் அடித்துக்கொண்டு தூங்காமல் கிடப்பதைவிட இது எவ்வளவோ மேல்.

கடி, அலறல், கரண்டி

கடித்துவிட்டால் முதலில் கடிபட்ட பிள்ளையைக் கவனியுங்கள். பிறகு உங்கள் மகனின் உயரத்துக்குக் குனிந்து, 'கடிச்சா வலிக்கும், கடிக்கக் கூடாது' என்று ஒரே வாக்கியம். வலி தெரியட்டும் என்று திருப்பிக் கடிக்கச் சொல்லும் பெரியவர்கள் உண்டு, வேண்டவே வேண்டாம். கடிப்பதற்கு முந்தைய நிமிடம் என்ன நடந்தது என்று பாருங்கள். பெரும்பாலும் பொம்மையைப் பிடுங்கியிருப்பார்கள், அல்லது அவன் பசியிலோ தூக்கத்திலோ இருந்திருப்பான். 'என்னுது' என்பவனிடம் 'ஷேர் பண்ணு' என்று பிடுங்கிக் கொடுத்தால், பெரியவர்கள் பிடுங்கலாம் என்பதைத்தான் கற்றுக்கொள்வான். 'இப்ப உன் முறை, அடுத்து அண்ணன் முறை' என்பது அவனுக்குப் புரியும். அவனுக்கு உயிரான இரண்டு பொம்மைகளை, விருந்தாளி வரும்முன் எடுத்து உள்ளே வைத்துவிடலாம்.

புரண்டு அழும்போது புத்திமதி காதில் ஏறாது. தலை அடிபடாமல் பார்த்துக்கொண்டு பக்கத்தில் உட்காருங்கள். கேட்டதைக் கொடுக்கவும் வேண்டாம், 'போ, நீ எனக்கு வேண்டாம்' என்று சொல்லவும் வேண்டாம். அலை இறங்கியதும், 'பிஸ்கட் கிடைக்கலைன்னு கோவம் வந்துருச்சு, இல்ல?' என்று அவன் உணர்ச்சிக்கு ஒரு பெயர் கொடுங்கள். பெயர் தெரிந்த கோபத்தை நாளாக நாளாக வாயால் சொல்லப் பழகுவான்.

செல்போன் விஷயத்தில் உங்கள் கணவரின் அவசரம் எனக்குப் புரிகிறது. நாள் முழுக்க உழைத்துவிட்டு வருகிறவருக்கு வீட்டில் அமைதி வேண்டும். ஆனால் போன் அழுகையை நிறுத்துகிறதே தவிர, அழுகையிலிருந்து மீண்டு வரக் கற்றுக்கொடுப்பதில்லை. இரண்டு முதல் நான்கு வயது வரை திரை நேரம் நாளில் ஒரு மணி நேரத்தைத் தாண்டக் கூடாது, குறைந்தால் இன்னும் நல்லது என்று உலக சுகாதார நிறுவனம் 2019-இல் சொன்னது. அந்த ஒரு மணி நேரமும் அழுகைக்கு விலையாக இருக்க வேண்டாம்.

பிளே ஸ்கூலில் சாது, வீட்டில் ஆர்ப்பாட்டம் என்கிறீர்களே, அதையும் சொல்லிவிடுகிறேன். அங்கே மூன்று மணி நேரம் அடக்கி வைத்ததையெல்லாம், அடக்க வேண்டாத ஆளைப் பார்த்ததும் இறக்கி வைக்கிறான். வந்தவுடன் 'இன்னிக்கு என்ன சொல்லிக்கொடுத்தாங்க?' என்று கேட்காமல், ஏதாவது சாப்பிடக் கொடுத்து, கொஞ்ச நேரம் மடியில் வைத்திருந்து பாருங்கள். காலையில் அவனுக்குத் தெரியாமல் நழுவி வராதீர்கள். தினமும் ஒரே வாசகம், ஒரு முத்தம், உடனே கிளம்பிவிட வேண்டும். நீங்கள் போன பிறகு எவ்வளவு நேரம் அழுகிறான், கீழே விழுந்தால் மிஸ்ஸிடம் போகிறானா என்று கேளுங்கள். சில நிமிடத்தில் அடங்கி, மிஸ்ஸைத் தேடிப் போகிறான் என்றால் பழகிக்கொண்டிருக்கிறான். இன்னும் ஒரு மாதம் கழித்தும் நேரம் முழுக்க அழுதுகொண்டே இருந்தால் நிறுத்திவிட்டு, மூன்று வயதுக்கு மேல் மறுபடி பார்க்கலாம். அதனால் அவன் எதையும் இழக்க மாட்டான்.

கரண்டியால் அடித்தது தவறுதான். அதை நீங்களே உணர்ந்திருக்கிறீர்கள். ஒரு அடியில் பிள்ளையின் வாழ்க்கை கெட்டுவிடாது. ஆனால் அது பழக்கமானால், கோபம் வந்தால் அடிக்கலாம் என்பதைத்தான் அவன் உங்களிடமிருந்து எடுத்துக்கொள்வான். அவனிடம், 'அன்னிக்கு அம்மா அடிச்சேன்ல, அது தப்பு. அம்மாவுக்குக் கோவம் வந்துருச்சு. இனிமே அடிக்க மாட்டேன்' என்று சொல்லுங்கள். சின்னப் பிள்ளைக்கு என்ன புரியும் என்று விட்டுவிட வேண்டாம்.

அம்மாச்சி வீடு

இனி முக்கியமான கேள்விக்கு வருகிறேன். ஆறு மாதம் அனுப்ப வேண்டாம் என்பதே என் உறுதியான கருத்து. உங்கள் மாமியார் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. முட்டி வலியோடு இரண்டு குழந்தைகளின் பின்னால் ஓட முடியாது, அது நியாயம். பாட்டி வீட்டில் வளர்வது நம்மிடையே புதிதும் இல்லை. ஆனால் இங்கே அவன் வயதையும், இப்போது நடந்துகொண்டிருப்பதையும் பார்க்க வேண்டும்.

தாய்க்கும் குழந்தைக்கும் இடையிலான பிணைப்பை ஆராய்ந்த மனநல மருத்துவர் ஜான் பௌல்பியோடு லண்டனில் வேலை பார்த்த ஜேம்ஸ் ராபர்ட்சன், 1940-களின் இறுதியிலிருந்து, மருத்துவமனையில் சேர்க்கப்பட்ட சின்னஞ்சிறு குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்தார். அன்று அங்கே பெற்றோர் வந்து பார்க்க மிகக் குறைந்த நேரமே அனுமதி. முதலில் குழந்தை அழுது போராடியது. பிறகு சோர்ந்து ஒடுங்கியது. மூன்றாவதாக, அழுகை நின்று எல்லாரிடமும் சிரிக்கத் தொடங்கியது. 'பழகிவிட்டது' என்று செவிலியர்கள் நிம்மதியடைந்தார்கள். ஆனால் அம்மா வந்தபோது அந்தக் குழந்தை முகத்தைத் திருப்பிக்கொண்டது. அது பழக்கம் இல்லை, மனதை மூடிக்கொண்டது என்று ராபர்ட்சன் சொன்னார். குழந்தைகளைப் பார்க்கப் பெற்றோருக்கு நேரக் கட்டுப்பாடு இருக்கக் கூடாது என்று 1959-இல் பிரிட்டனில் அரசுக் குழுவே பரிந்துரைக்க அவர் உழைப்பு ஒரு காரணம்.

அம்மாச்சி வீடு மருத்துவமனை இல்லை, பாசமுள்ள இடம்; ஒப்பீட்டை அந்த அளவோடு நிறுத்திக்கொள்கிறேன். ஆனால் 'ஒரு வாரம் அழுதான், இப்ப அம்மாவையே தேடுறதில்ல, ரொம்ப சமத்தாயிட்டான்' என்று போனில் செய்தி வந்தால், அதை வெற்றி என்று எண்ணிவிடாதீர்கள் என்பதற்காகச் சொன்னேன். பிடிவாதம் போய்விட்டது என்று மாமியார் மகிழலாம். அவன் கேட்பதை நிறுத்தியிருப்பான், அவ்வளவுதான்.

இன்னொன்றும் இருக்கிறது. 'அடம் பிடிச்சா அம்மாச்சி வீட்டுல விட்டுருவேன்' என்று வீட்டில் சொல்கிறார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். 'இனிமே அம்மா பாப்பாவுக்குத்தான்', 'உன்னைத் தவிட்டுக்குத்தான் வாங்குனோம்' என்று உறவினர்கள் சிரிக்கிறார்கள். இந்த வயதுக்குக் கேலி புரியாது, சொன்னது சொன்னபடியே உள்ளே போகும். இந்த நிலையில் அவனை அனுப்பினால், 'நான் கெட்டவன், அதனால் என்னை அனுப்பிவிட்டு பாப்பாவை வைத்துக்கொண்டார்கள்' என்றுதான் கணக்குப் போடுவான். அந்தப் பேச்சுகளை இன்றே நிறுத்தச் சொல்லுங்கள். உங்களால் சொல்ல முடியாவிட்டால் உங்கள் கணவர் சொல்லட்டும்.

அம்மாச்சியை இங்கே வரவழைக்க முடியுமா என்று கேளுங்கள். நீங்கள் வேலைக்குத் திரும்பும் முதல் இரண்டு மாதம் அவர் வந்து இருந்தால் மாமியாருக்கும் ஓய்வு. அது முடியாவிட்டால், விடுப்பு முடியும் முன் இரண்டு பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு நீங்களே இரண்டு வாரம் பட்டுக்கோட்டைக்குப் போய் வாருங்கள். எதிர்பாராமல் அவனை மட்டும் விட வேண்டி வந்தால், சில நாட்களுக்கு மேல் வேண்டாம். ராபர்ட்சனும் அவர் மனைவி ஜாய்ஸும் பிறகு, தாய் இரண்டாம் பிரசவத்துக்குப் போயிருந்த சமயத்தில் சில குழந்தைகளைத் தங்கள் வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொண்டார்கள். முன்கூட்டியே பழகி, வீட்டு வழக்கத்தை மாற்றாமல், அம்மாவைப் பற்றித் தினமும் பேசி வந்ததால் அந்தக் குழந்தைகள் வெகுவாகத் தாங்கிக்கொண்டன. அதேபோல நீங்களும் முதல் இரண்டு நாள் கூட இருங்கள். அவன் தலையணையையும் உங்கள் பழைய புடவை ஒன்றையும் கொடுத்தனுப்புங்கள். தினமும் ஒரே நேரத்தில் வீடியோவில் பேசுங்கள். 'அடுத்த வாரம் வர்றேன்' என்பது அவனுக்குப் புரியாது. 'மூணு ராத்திரி தூங்கி எந்திரிச்சா அம்மா வந்துருவேன்' என்றால் புரியும். சொன்ன நாளில் போய் நில்லுங்கள்.

வேலைக்குத் திரும்புவது

50 பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் நிறுவனங்கள் குழந்தைகள் காப்பக வசதி தர வேண்டும், தாய் நாளில் நான்கு முறை போய்ப் பார்க்க அனுமதிக்க வேண்டும் என்று 2017-இல் மகப்பேறு சலுகைச் சட்டத்தில் சேர்த்தார்கள். உங்கள் நிறுவனம் அந்த அளவு பெரியதா என்று நீங்கள் எழுதவில்லை. பெரியது என்றால், திரும்பும் தேதிக்கு முன்பே மனிதவளப் பிரிவில் எழுத்தில் கேளுங்கள். சின்னக் குழந்தைக்கு அங்கே ஏற்பாடு ஆனால், வீட்டில் மாமியாருக்குப் பையன் ஒருவன்தான், அதுவும் பிளே ஸ்கூல் நேரம் போக. உங்கள் வீட்டுப் பிரச்சினையில் பாதி இது என்று எனக்குத் தோன்றுகிறது. இரண்டு பிள்ளைகளையும் பார்த்துக்கொள்ளப் பெரியவர்களின் கை போதவில்லை. அதற்குப் பையனை அனுப்பித் தீர்வு தேடுகிறோம்.

தினமும் பதினைந்து நிமிடம் பாப்பாவை அப்பா கையில் கொடுத்துவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு மகனோடு மட்டும் இருங்கள். போன் வேண்டாம், பாடம் சொல்லித்தர வேண்டாம், அவன் சொல்கிற விளையாட்டு. 'பாப்பா கீழ போடு' என்று அவன் கேட்டது நாளில் ஒருமுறையாவது நடக்கட்டும்.

கடைசியாக, நீங்கள்

கடிதத்தின் முடிவில், அடைப்புக்குறிக்குள் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். 'சில நாள் எதிலுமே பிடிப்பில்லை, பாப்பா தூங்கினாலும் எனக்குத் தூக்கம் வருவதில்லை.' அதை ஏன் அடைப்புக்குறிக்குள் போட்டீர்கள்? பிரசவத்துக்குப் பிறகு முதல் ஓர் ஆண்டுக்குள் தாய்க்கு மனச்சோர்வு வரலாம். அது பலவீனமோ குறையோ இல்லை, சிகிச்சையில் நன்றாகக் குணமாகக்கூடிய உடல்நலப் பிரச்சினை. இரண்டு வாரத்துக்கு மேல் இப்படி இருந்தால் உங்கள் மகப்பேறு மருத்துவரிடமோ மனநல மருத்துவரிடமோ சொல்லுங்கள். பாலூட்டுகிறீர்கள் என்பதையும் சொல்லுங்கள். அதற்கேற்ற மருந்துகள் உண்டு. அரசின் டெலி மானஸ் என்ற மனநல ஆலோசனைத் தொலைபேசி எண் 14416, எந்த நேரத்திலும் தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை. உங்களையோ குழந்தையையோ ஏதாவது செய்துவிடுவோமோ என்ற எண்ணம் ஒரு கணம் வந்தாலும், அன்றே வீட்டில் ஒருவரிடம் சொல்லி மருத்துவமனைக்குப் போய்விடுங்கள். பிள்ளையைப் பற்றி நான் மேலே எழுதியது எல்லாவற்றையும் செய்ய, முதலில் நீங்கள் தூங்க வேண்டும். இரவில் ஒரு முறையாவது பாப்பாவுக்கு எழுந்திருக்கும் வேலையை உங்கள் கணவர் எடுத்துக்கொள்ளட்டும். எடுத்து வைத்த பாலைக் கிண்ணத்தில் புகட்ட அவராலும் முடியும். இந்தப் பத்தியை அவரிடம் படிக்கக் கொடுங்கள்.